மாப்பிள்ளையின் பெட்டியும் கச்சிராயபாளையத்து வோல்டேஜும்

வீட்டில் கேமிங் கம்ப்யூட்டர் வைத்தால் கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று உங்களிடம் யாராவது வந்து கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் கேட்கிறவர் மாமனாரா மாப்பிள்ளையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் சொல்லிவிட்டேன். அதனால் ஒரு மத்தியானம் மறியல் பந்தலில் மாட்டிக்கொண்டு, கடைசியில் ஒரு பசுமாட்டிடம் பேச வேண்டியதாகிவிட்டது.

மின்சார வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்கிறீர்கள். கம்பம் ஏறுவது, பியூஸ் போடுவது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதையே நானும் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள், உங்களுக்கு முன்னால் நான் தூங்கிவிடுவேன். பயிற்சியில் சொல்லாதது ஒன்று உண்டு. கரண்டை எவனும் கண்ணால் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத சாமான் குறைந்துபோனால், கண்ணுக்குத் தெரிகிற ஏதோ ஒன்றின் மேல்தான் பழி விழும். அதுவும் தெருவுக்குப் புதிதாக வந்த சாமானாக இருந்துவிட்டால் அதற்கு ஜாமீனே கிடையாது.

நான் ரிஷிவந்தியத்துப் பக்கம் வயர்மேனாக இருந்தபோது ஒரு தெருவில் முதன்முதலாக பிரிட்ஜ் வந்தது. பக்கத்து வீட்டம்மா ஆபீசுக்கே வந்துவிட்டார். "அவங்க ஐஸ் போட்டுப் போட்டு எங்க வூட்டுக் கரண்டு விறைச்சிப் போச்சி சார். கிரைண்டரு சுத்தவே மாட்டுது" என்றார். அப்போது என்னோடு இருந்த லைன் இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நேராகப் போய், அந்தம்மா வீட்டுக்கு வருகிற ஒயர் கம்பத்தில் லூசாகத் தொங்கியதை இறுக்கிக் கட்டினார். இறங்கி வந்து, "அவங்ககிட்ட ஐஸக் கம்மி பண்ணச் சொல்லிட்டேம்மா" என்று சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடித்தார். எனக்குக் கோபம் வந்தது. படித்த வேலைக்கு இதென்ன பொய் என்று நினைத்தேன். அந்த மோரின் அருமை எனக்குப் புரிய ரொம்ப வருஷமானது.

கேமிங் கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அப்போது நான் ஃபோர்மேன். கச்சிராயபாளையத்திலிருந்து மலைமேல் வெள்ளிமலை வரைக்கும் லைன் எங்கள் பொறுப்பு. கொரோனாவுக்குப் பயந்து சென்னையில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்திருந்தார்கள். அதே சமயத்தில் தனி இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டமும் சூடுபிடித்திருந்தது. ஒரு நாள் மனு கொடுப்பார்கள், ஒரு நாள் ஆர்ப்பாட்டம், ஒரு நாள் மறியல். எங்கள் ஜீப் எந்த ரோட்டில் எப்போது நிற்கும் என்று எங்களுக்கே தெரியாது.

கச்சிராயபாளையத்தில் போராட்டத்துக்கு முன்னால் நின்றவர் ஏழுமலை. கரும்பு விவசாயி. அவர் குரலுக்கு மைக் ஒரு அலங்காரம்தான். அது இல்லாமலே கோமுகி அணை வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் காலை எங்கள் ஆபீசுக்கு வந்து, ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கிசுகிசுவென்று கேட்டார்.

"சார், வூட்ல கேமிங் கம்ப்யூட்டரு வச்சிக்கக் கூடாதுன்னு சட்டம் ஏதாவது கீதா?"

"அப்படி ஒன்னும் இல்லியே."

"இல்லன்னா, புதுசா ஒன்னு போட முடியுமா?"

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் கௌசல்யா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டு மாதம். மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டதால் அவரும் கூடவே வந்துவிட்டார். வரும்போது ஒரு கேமிங் கம்ப்யூட்டரையும் கொண்டுவந்தார். கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்கு, சுற்றிக்கொண்டே இருக்கிற குட்டி ஃபேன்கள். பகலில் அதில் வேலை, சாயங்காலம் அதிலேயே சண்டை.

"அந்தப் பொட்டி வந்ததுலேர்ந்து வூட்ல லைட்டே எரியல சார். டியூப்லைட்டு மினுக்கு மினுக்குன்னு கண்ணடிக்குது. ஃபேனு சுத்துறத உக்காந்து எண்ணலாம். ஆனா அந்தப் பொட்டி மட்டும் ஜெகஜோதியா எரிஞ்சிக்கினு கீது. அப்ப யாரு சார் குடிக்கிறது?"

"அது அவ்ளோ இழுக்காதுங்க. உங்க வூட்டு அயர்ன் பாக்ஸ்ல பாதிகூட வராது."

"அயர்ன் பாக்ஸு கலர் கலரா எரியுதா சார்?"

அவர் இன்னும் கிட்டே வந்தார்.

"அதுகூட வுடுங்க. ஒரு நாளு நானே மெயின் சுச்ச அமுத்திட்டேன். வூடே இருட்டாயிடுச்சி. அது மட்டும் கீ கீன்னு கத்திக்கினு எரியுது. குடிச்ச கரண்டு பூரா வயித்துல வச்சிக்கினு கீது சார்!"

அது யு.பி.எஸ்., பேட்டரி என்று நான் விளக்கினேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்பதற்கு அவர் ஆட்டுகிற ஆட்டம் அது.

"இத்த நீங்களே மாப்ளகிட்ட பக்குவமா சொல்லிடலாமே" என்றேன்.

அவரைப் பார்த்து மாப்பிள்ளையை ரெண்டு அறை விடுங்கள் என்று சொன்ன மாதிரி அதிர்ந்துபோனார். மாப்பிள்ளை வந்தால் எழுந்து நிற்கிற ஆள் அவர். மாப்பிள்ளையிடம் அதுவரை அவர் நேராகப் பேசிய பேச்சு 'வாங்க', 'சாப்டீங்களா' இரண்டும்தான். மற்றதெல்லாம் ஜாடை. மாப்பிள்ளை காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டு பசுமாட்டைத் திட்டுவார். "இன்னாத்துக்கு இவ்ளோ குடிக்கிற? அடுத்தவங்களுக்கு வேணாமா?" என்பார். அது பாவம், காலி வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மாப்பிள்ளையும் லேசுப்பட்டவர் இல்லை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு விளையாட்டுக் கூட்டாளிகளிடம் பேசுகிற மாதிரி, "டேய், இங்க சில பேருக்கு எதுக்கெடுத்தாலும் என் பொட்டிதான்டா கண்ணு" என்று சத்தமாகச் சொல்வார். பெங்களூரில் இருக்கிற அந்தக் கூட்டாளிக்கு என்ன புரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இப்படியே போயிருந்தால் பரவாயில்லை. ஏழுமலை டீக்கடையில் ஒரு நாள், "எம் வூட்ல கரண்டு குடிக்கிற பூதம் ஒன்னு கீதுப்பா" என்று சொல்லிவிட்டார். டீக்கடை தெருவுக்குச் சொன்னது. தெரு மாப்பிள்ளைக்குச் சொன்னது. அதுவும், பூதம் என்று சொன்னது பெட்டியையா ஆளையா என்று பிரித்துச் சொல்லாமல் சொன்னது. மாப்பிள்ளை கௌசல்யாவிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். பெட்டி வெளியே போனால் நானும் போவேன், உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன். எட்டு மாத வயிற்றோடு, ஆஸ்பத்திரி எல்லாம் கொரோனாவாக இருந்த சென்னைக்கு, வழியெல்லாம் மறியல் நடக்கிற ரோட்டில்.

"எனக்குப் பொண்ணும் வேணும், மாப்ளயும் வேணும் சார். பொட்டி மட்டும் போவணும். உங்க ஆபீசு சீல் குத்தி ஒரு தாளு குடுங்க. 'நான் இன்னா பண்றது மாப்ள, கவர்மெண்டு சொல்லுது'ன்னு காட்டிடுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதெல்லாம் முடியாது, அந்தப் பெட்டி ஒரு யூனிட் எடுக்க ரெண்டரை மணி நேரம் விளையாடவேண்டும், பில் கொஞ்சம் ஜாஸ்தி வருமே தவிர வோல்டேஜ் குறையாது என்று கணக்கைச் சொல்லி அனுப்பிவிட்டேன். கணக்கு சரிதான். ஆனால் எத்தனை மணிக்கு லைட் மங்குகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கணக்கு தெரிந்தவனுக்குக் கேள்வி கேட்கிற பொறுமை இருப்பதில்லை. உங்களுக்காவது இருக்கட்டும்.

அதற்கடுத்த வாரம் வெள்ளிமலையில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. சாமான்களை ஏற்றிக்கொண்டு நானும் வயர்மேனும் ஜீப்பில் கிளம்பினோம். இருட்டுவதற்குள் மலை ஏறியாக வேண்டும். கச்சிராயபாளையத்தில் ரோட்டை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். தாடையில் மாஸ்க்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நூறு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். பந்தல் சரியாக ஏழுமலை வீட்டு வாசலுக்கு எதிரில். மைக் செட்டுக்கும், பந்தல் கம்பத்தில் கட்டியிருந்த டியூப்லைட்டுகளுக்கும் அவர் வீட்டிலிருந்துதான் ஒயர். டியூப்லைட் எல்லாம் கண்ணடித்துக்கொண்டிருந்தன. பேசுகிறவருடைய குரல் மைக்கில் தொண்டை கட்டின மாதிரி வந்தது.

அவசரம் என்று சொன்னால் எங்கள் ஜீப்பை விட்டுவிடுவார்கள். அன்றும் விட எழுந்தார்கள். அப்போது கூட்டத்திலிருந்து ஏழுமலையின் பக்கத்து வீட்டுக்காரர் கோவிந்தன் கத்தினார்.

"ஏ, அது கரண்டாபீசு ஜீப்பு! வுடாதீங்க! அந்தக் கம்ப்யூட்டரு விசயத்த முடிச்சிட்டுப் போவட்டும்!"

அவ்வளவுதான். கூட்டம் ஜீப்பைச் சுற்றிக்கொண்டது. தெரு முழுக்க டியூப்லைட் எரியாத ஆத்திரம் அவர்களுக்கு. ஒருவர் மனுவைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். முதல் கோரிக்கை தனி இடஒதுக்கீடு. இரண்டாவது கோரிக்கை, தெருவின் மின்சாரத்தைக் குடிக்கும் கேமிங் கம்ப்யூட்டரை உடனே அப்புறப்படுத்த வேண்டும். முதல் கோரிக்கைக்குப் பதில் சொல்கிற இடத்தில் நான் இல்லை. இரண்டாவதுக்கு அந்த ஜில்லாவிலேயே நான்தான் ஆள் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

ஏழுமலை மேடையில் நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. அவர் நினைத்தது ரகசியமாக ஒரு தாள். நடந்தது ஊர்வலம். மாப்பிள்ளை வீட்டு வாசலில் பையோடு நின்றார். பெட்டியைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். சாயங்காலம் காருக்குச் சொல்லிவிட்டார்கள் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். ஏழுமலையின் மனைவி அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நான் உள்ளே போனேன். கௌசல்யா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், நீங்க யாரு பக்கம் வேணா சொல்லிக்குங்க. எனக்கு ரெண்டு பேரும் கூட இருக்கணும். இந்த ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கினு போயிட்டா, நான் யாருகூட சார் ஆஸ்பத்திரிக்குப் போறது?"

மெஷினுக்குத் தீர்ப்பு சொல்ல வந்தவனை இந்தப் பெண் வேறெதற்கோ நிறுத்திவிட்டாள் என்று பட்டது. சரிம்மா என்று சொல்லிவிட்டு, பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, யு.பி.எஸ்ஸைக் கழற்றி எல்லாரும் பார்க்கிற மாதிரி வாசலில் வைத்தேன். பெட்டியை ஓடவிட்டு, டாங் டெஸ்டரை ஒயரில் மாட்டி எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தேன். நான் சொன்ன கணக்குத்தான். அது சாதுவான பெட்டி. வோல்டேஜ் பாதியாக இறங்கினாலும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி அதற்குள் ஏற்பாடு உண்டு. அதனால்தான் வீடே மங்கினாலும் அது மங்கவில்லை. மற்றவர்கள் வாடும்போது வாடாமல் இருந்ததுதான் அது செய்த குற்றம்.

அப்புறம் வீட்டு வோல்டேஜைப் பார்த்தேன். பாதாளத்தில் இருந்தது. பின்பக்கத்துக் கதவைத் திறந்தேன். கரும்புக்கு நடுவிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். அதற்கப்பால் இன்னொன்று. காதைத் தீட்டிக் கேட்டால் தெருவுக்குப் பின்னால் இருந்த கிணறுகள் பூராவும் முனகிக்கொண்டிருந்தன.

வயல் பக்கம் வேலை பார்த்திராத உங்களுக்காக இதைச் சொல்கிறேன். வயல் மோட்டாருக்கு மூன்று பேஸ் கரண்ட் வேண்டும். அது குறிப்பிட்ட நேரம்தான் வரும். மத்தியானத்துக்கு மேல் வீட்டு விளக்குக்கான கரண்ட் மட்டும். அந்த நேரத்தில் ஒரு கண்டென்சரைக் கட்டி, மூன்றும் வருகிறது என்று மோட்டாரை ஏமாற்றி ஓட்டுவார்கள். கூடாது. ஆனால் எல்லாரும் செய்வார்கள். ஒரு மோட்டார் அப்படி இழுப்பதற்கு மாப்பிள்ளையின் பெட்டி மாதிரி பத்துப் பெட்டி வேண்டும். ஏழுமலை மத்தியானம் வயலிலிருந்து வரும்போது மோட்டாரை ஓடவிட்டு வருவார். வீட்டுக்குள் நுழைந்தால் லைட் மங்கலாக இருக்கும், பெட்டி மட்டும் ஜொலிக்கும். புதுக் கரும்பு நட்ட அந்த மாதத்தில்தான் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார். அவர் கண்ணுக்கு எது தெரியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் ஏழுமலை தன் ஆட்கள் நூறு பேர் முன்னால், மாப்பிள்ளை முன்னால் தலைகுனிய வேண்டும். அதற்கப்புறம் அந்த மனிதர் மாப்பிள்ளையிடம் 'வாங்க' என்றுகூடச் சொல்லமாட்டார். சொன்னால் என் வேலையும் சும்மா விடாது. கண்டென்சரைப் பார்த்தேன் என்று வாயால் சொல்லிவிட்டால் நடவடிக்கை எடுக்க வேண்டும். எடுத்தால் அந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் மேலும் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு ஜீப்பில் ஏறி எப்படிப் போவது? பெட்டி மேல் பழியைப் போட்டால் சாயங்காலம் கார் வந்துவிடும். மேலே வெள்ளிமலை வேறு கரண்ட் இல்லாமல் காத்துக்கொண்டிருக்கிறது.

நான் போய் மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாரும் கேளுங்க. இந்தக் கம்ப்யூட்டர இப்பவே, இங்கயே டெஸ்ட் பண்ணப் போறேன். பந்தலுக்குக் கொண்டாந்து வச்சி, உங்க கண்ணு முன்னாடி ஓட்டுவாங்க. ஆனா டெஸ்ட் கரெக்டா இருக்கணும்னா, இந்த டிரான்ஸ்பார்மர்ல வேற ஒரு சாமானும் ஓடக் கூடாது. எது ஓடுதுன்னு நான் வந்து பாக்கமாட்டேன். கேக்கவும் மாட்டேன். டீ குடிக்கிற நேரம் தரேன். ஏதாவது ஓடிக்கினு இருந்தா அவங்கவங்களே நிறுத்திட்டு வந்துடுங்க."

கூட்டத்தில் ஒரு அசைவு. ஒருவருக்குத் திடீரென்று போன் வந்தது. ஒருவருக்கு ஒன்றுக்கு வந்தது. கோவிந்தன், "கன்னுக்குட்டிய அவுத்து வுட்டுட்டேன்னு நெனைக்கிறேன்" என்று எழுந்து ஓடினார். அவருக்குக் கன்றுக்குட்டி கிடையாது என்று வயர்மேன் என் காதில் சொன்னார். முன்வரிசையே காலியானது. பின்பக்கம் முனகல்கள் ஒவ்வொன்றாக நின்றன. வேர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லாரும் திரும்பி வந்து, எங்கேயும் போகாதவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள்.

பந்தலில் போராட்ட பேனருக்குக் கீழே மேஜை போட்டு மாப்பிள்ளை பெட்டியை வைத்தார். அது கலர் கலராக எரிந்தது. திரையில் யாரோ யாரையோ சுட ஆரம்பித்தார்கள். கூட்டம் கொஞ்ச நேரத்தில் வந்த வேலையை மறந்துவிட்டது.

"இதுல நம்ப ஆளு எது தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"துப்பாக்கி மட்டும் தெரியுதே, அதாங்க."

"ஒத்த ஆளா எம்மாம் பேர சமாளிக்கிறான் பாரு! நம்ப ஆளுங்க யாரும் தொணைக்குப் போவலியா?"

ஆனால் டியூப்லைட்டுகள் இன்னும் கண்ணடித்துக்கொண்டுதான் இருந்தன. காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒரு முனகல் மட்டும் நிற்கவில்லை. வீட்டுக்கு நேர் பின்னாலிருந்து வந்தது. ஏழுமலையின் கிணறு. தலைவர் மேடையில் மாட்டிக்கொண்டார். நூறு பேர் கண்ணும் அவர் மேல். எழுந்து போக ஒரு சாக்கும் இல்லை. துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார். "பாத்தியா, எரியல பாத்தியா, பொட்டிதான்" என்று பின்வரிசையில் குரல் கிளம்பிவிட்டது. மாப்பிள்ளை துப்பாக்கியை நிறுத்திவிட்டு ஒயரைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனார். வாசற்படியில் கௌசல்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மேடைக்குப் போகவில்லை. மேடைக்குப் பக்கத்தில் கட்டியிருந்த பசுமாட்டிடம் போனேன். அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்து, ஏழுமலை காதில் மட்டும் விழுகிற மாதிரி சொன்னேன்.

"ஏம்மா, இன்னா இப்டி நிக்கிற? எல்லா மோட்டாரும் நின்னுடுச்சி. ஒன்னே ஒன்னு மட்டும் ஓடிக்கினு கீது. அது யாரோடதுன்னு நான் கேக்கமாட்டேன். கேட்டா எழுதணும். உனக்குத் தாகம்னா வாயத் தொறந்து சொல்லு, ஓட்டிக்கினு போவ ஆளு கீது."

மாடு என்னைப் பார்த்தது. அதற்கு இந்தப் பாஷை பழகிப்போயிருந்தது. ஏழுமலை மேடையிலிருந்து இறங்கினார்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடுறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார்.

நான் மாப்பிள்ளையிடம், "சண்டைய நிறுத்தாதீங்க" என்றேன்.

முனகல் நின்றது. மறுகணம் பந்தலில் இருந்த டியூப்லைட் அத்தனையும் 'பளிச்' என்று பிடித்துக்கொண்டன. மேடையில் சோம்பிக்கொண்டிருந்த ஸ்டாண்ட் ஃபேன் திடுதிப்பென்று சுற்றி, மனுக்களைத் தூக்கி ரோட்டில் வீசியது. மைக் தொண்டையைச் சரிசெய்துகொண்டு 'கொய்ய்' என்று கத்தியது. தெருவில் யார் வீட்டிலோ டி.வி. தானாக சீரியலை அலறவிட்டது. கம்ப்யூட்டர் மட்டும் எப்போதும் எரிகிற மாதிரியே எரிந்தது.

மோட்டாரை நிறுத்திவிட்டு வந்த ஒவ்வொருவருக்கும் புரிந்துவிட்டது. அடுத்தவனுக்குப் புரிந்ததா என்று ஒவ்வொருவரும் அடுத்தவன் முகத்தைப் பார்த்தார்கள். நூறு பேர் சேர்ந்து இப்படித் திருதிருவென்று விழித்ததை நான் என் சர்வீசில் வேறெங்கும் பார்த்ததில்லை. ஏழுமலை மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து, எரிகிற டியூப்லைட்டையே பார்த்தபடி நின்றார். அப்போது கோவிந்தன்தான் எல்லாரையும் காப்பாற்றினார்.

"யோவ், இன்னாய்யா இது! பொட்டியப் போட்டா வோல்டேஜி ஏறுது!"

"ஆமாம்பா, ஏறுதே!" என்றார் ஒருவர். "அது குடிக்கல, குடுக்குது!" என்றார் இன்னொருவர். வெள்ளத்தில் போகிறவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி அத்தனை பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை இன்ஜினியரிங் படித்தவர். "இல்லீங்க, அது எப்படி..." என்று ஆரம்பித்தார். கௌசல்யா எப்போது படி இறங்கி வந்தாள் என்று தெரியாது. அவர் காலை நறுக்கென்று மிதித்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆபீசர் சொல்லட்டும். ரிஷிவந்தியத்து மோர் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"டெஸ்ட்ல இன்னா தெரிஞ்சிதோ அதான் ரிசல்ட். நீங்களே பாத்துட்டீங்க. கம்ப்யூட்டர் மேல தப்பில்ல" என்றேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. வேண்டுமானால் மறுபடி யோசித்துப் பாருங்கள்.

ஏழுமலை மாட்டுக் கயிற்றை விட்டுவிட்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். மாப்பிள்ளை தன்னையறியாமல் எழுந்துவிட்டார். மாமனார் நிற்க, மாப்பிள்ளை எழ, யார் யாருக்கு மரியாதை செய்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. ஏழுமலை மாட்டைப் பார்க்காமல், நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அணைச்சிடாதீங்க மாப்ள. எரியட்டும்."

அஞ்சலை வாசலில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி அலமாரிக்கு மேல் வைத்தார். மனுவில் இரண்டாவது கோரிக்கையைப் பேனாவால் அடித்தார்கள். ஜீப்புக்கு வழி விட்டார்கள். நாங்கள் மலைப்பாதையில் ஏறும்போது வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. வெள்ளிமலையில் இறங்கினால், அங்கே டீக்கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "சார், கீழ ஏதோ கம்ப்யூட்டர்லேர்ந்து கரண்டு எடுக்குறாங்களாமே, நெசமா?"

அதோடு விடவில்லை. அடுத்த தெருக்காரர்கள் ஆபீசுக்கே மனு கொண்டுவந்தார்கள். தங்கள் தெருவில் வோல்டேஜ் கம்மியாக இருப்பதால் அரசு செலவில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அமைத்துத் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதை ஓட்டுவதற்குத் தகுதியான ஒரு மாப்பிள்ளையையும் சேர்த்துக் கேட்டிருந்தார்களோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டேன். அது இல்லை. நான் அவர்களிடமும் அதே டெஸ்ட் நிபந்தனையைச் சொன்னேன். மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் செய்தது விதிப்படி சரியா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. கண்டென்சரைக் கழற்றியிருக்க வேண்டும், எழுதியிருக்க வேண்டும். நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்து அப்படியே செய்தால் எனக்கு சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாளே, அந்த மாதிரி ஒருத்தி உங்கள் முன்னாலும் ஒரு நாள் வந்து நிற்பாள். அப்போது எந்த சுவிட்சை அணைத்தால் எது எரியும் என்று கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கச்சிராயபாளையத்துக்கு வேறு வேலையாகப் போனேன். ஏழுமலை பார்த்துவிட்டு வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார். கௌசல்யா மடியில் பெண் குழந்தை. அப்பா மூக்கு, தாத்தா குரல். அழுதால் அணை வரைக்கும் கேட்கும். காபி குடித்துக்கொண்டிருக்கும்போது மின்விசிறி தள்ளாட ஆரம்பித்தது. டியூப்லைட் கண்ணடித்தது. பின்பக்கம் எங்கேயோ ஒரு முனகல். ஏழுமலை எழுந்து வாசலுக்குப் போய், தெருப்பக்கம் பார்த்து, இருக்கிற குரலையெல்லாம் திரட்டிக் கத்தினார்.

"மாப்ள! பொட்டியப் போடுங்க! வோல்டேஜி எறங்கிக்கினு போவுது!"

கோவிந்தன் வீட்டுப் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. லைட் பிரகாசமாக எரிந்தது. நான் மாப்பிள்ளையைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்று உள் அறையை எட்டிப் பார்த்தேன். மேஜை காலியாக இருந்தது. ஒயர்கூட இல்லை.

"அவரு போன மாசமே மெட்ராஸ் போயிட்டாரு சார்" என்று கௌசல்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "ஆபீசுல வரச் சொல்லிட்டாங்க. பொட்டியும் அவருகூடவே போயிடுச்சி. வர்ற வெள்ளிக்கெழம எங்களக் கூட்டிக்கினு போவ வராரு."

நான் திரும்பி ஏழுமலையைப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. எரிகிற டியூப்லைட்டைப் பார்த்தார், காலி மேஜையைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து மேஜை மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

"இன்னா சார் பாக்குறீங்க? மாப்ள இருந்தா இன்னும் நல்லா எரியும்."